கைப்பிடி வெட்டுத்துணி

எங்கள் கம்பெனியில் சனிக்கிழமை சாயங்காலம் ஆளுக்குக் கைப்பிடி வெட்டுத்துணி எடுத்துக்கொள்ளலாம். இதை யாரும் எந்தத் தாளிலும் எழுதிவைத்தது கிடையாது. கட்டிங் மேசையின் கடைசியில் ஒரு பெரிய டிரம் இருக்கும். கத்தி தின்று துப்பிய துண்டெல்லாம் அதில்தான் விழும். முக்கோணம், பிறை, நாடா மாதிரி நீளம், கைக்குட்டைக்கும் ஆகாத அகலம். குனிந்து ஒரு கை அள்ள வேண்டும். கேட்டில் நிற்கிற செக்கிங் அம்மாவிடம் விரல் இடுக்கில் பிதுங்குவதைக் காட்டினால் அவர் கண்ணை மூடித் திறப்பார். அதுதான் பாஸ். ஆசைப்பட்டு இரண்டு கையால் அள்ளினால் மட்டும், "என்ன, மெத்தை தைக்கப் போறியா?" என்று கேட்டுப் பாதியைப் பிடுங்கி வைப்பார். நான் பேக்கிங்கில் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. அதற்கு முன்பிருந்தே இந்த வழக்கம். அடுப்பு மேடை துடைக்க, சைக்கிள் செயின் துடைக்க, பிள்ளைக்குப் பொம்மை கட்ட என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை இருந்தது.

அந்தக் கைப்பிடிக்குத்தான் திருட்டு என்று பேர் வைத்தார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும், எரிகிறபடியே சொல்கிறேன்.

என் வீட்டுக்கு அடுத்த வீடு ஆல்டர் அக்காவுடையது. நடுவில் ஒரே சுவர். அவள் அந்தப் பக்கம் வெங்காயம் அரிந்தால் எனக்கு இந்தப் பக்கம் கண் கலங்கும். அவளும் எங்கள் கம்பெனிதான். லைனில் தைக்கிறவர்கள் அவசரத்தில் கோணலாகத் தைத்துவிடுவார்கள், கையைக் கழுத்தில் வைத்துத் தைத்ததும் உண்டு. அந்தப் பீஸெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அவள் மேசைக்கு வரும். அதற்குப் பெயர் ஆல்டர். அவள் தையலைப் பிரித்து, மறுபடி தைத்து அனுப்ப வேண்டும். பிரித்த இடமும் தெரியக்கூடாது, தைத்த இடமும் தெரியக்கூடாது. நூற்றுப் பத்துப் பேர் பண்ணுகிற தப்பை ஒருத்தி உட்கார்ந்து சரிபண்ணிக்கொண்டிருந்தாள், இருபத்திரண்டு வருஷமாக. அவள் புருஷனும் அங்கேதான், அயர்ன் மாஸ்டர். நான் மாமா என்று கூப்பிடுவேன். நீராவியில் நின்று நின்று அவருக்குப் புருவமே பாதி உதிர்ந்துபோயிருந்தது. ஒரே மகள். அவளுக்கு ஒரு நாள் முழுக்க ரயிலில் போகிற தூரத்தில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும்.

மகளுடைய பெட்டியில் வைக்கத்தான் அக்கா அந்தச் சுருட்டுப் பையைத் தைத்தாள்.

அது மழை மாதம். துணி காயாது, வீடெல்லாம் ஈர வாசம். அக்கா ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு பழைய தலையணை உறையை விரித்து, அதன் மேல் ஐந்தாறு சனிக்கிழமை சேர்த்த துண்டுகளைப் பரப்பினாள். ஆண்பிள்ளைச் சட்டைக்கு ஓடிய நீலக் கட்டம், குழந்தைகளின் இரவு உடைக்கு வந்த மஞ்சள் ஃபிளானல், கால்சட்டையின் தடித்த காப்பிக்கலர். கிழவன் பல்வரிசை மாதிரி ஒன்று நீளம், ஒன்று குட்டை. மாமா போர்வையை நாலாக மடித்துப் போட்டு ஒவ்வொரு துண்டையும் தேய்த்துக் கொடுத்தார்.

"கம்பெனியிலதான் தேய்க்கிறேன்னு பாத்தா வீட்டுலயும் தேய்க்க விடுறா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பொண்ணுக்குத்தானே தேய்க்கிறீங்க? அடுத்த வீட்டுக்காரனுக்கா?" என்றாள் அக்கா, நிமிராமலே.

துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து முழ நீளத்துக்கு ஒரு பட்டை ஆக்கினாள். வெளிப்பக்கம் காப்பிக்கலரும் நீலக் கட்டமும், உள்பக்கம் மஞ்சள். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். கத்தரிக்கு ஒன்று, அதன் வாய் குத்தாதபடி கீழே இரட்டைத் துணி. நூல்கண்டு நாலுக்கு நாலு குழல். அளவு நாடாவுக்கு ஒன்று. பட்டன் வைக்கிற அறைக்கு மட்டும் வலைத்துணி, உள்ளே என்ன நிறம் இருக்கிறது என்று திறக்காமலே தெரியும். ஊசிக்கு ஒரு சின்னக் கம்பளித் துண்டு, புத்தகத்தில் ஒரு பக்கம் மாதிரி புரட்டலாம். கம்பளியில் குத்தினால் ஊசி துருப்பிடிக்காதாம். எல்லாவற்றையும் சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கும். கட்டுவதற்குக் குல்லாய் வைத்த சட்டையில் மிஞ்சிய கயிறு. கயிற்று முனையில் மாமாவின் பழைய கோட்டுப் பட்டன்.

மகள் எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, ஹாஸ்டல்ல ஊசி கூடவா கிடைக்காது?"

"கிடைக்கும். யார்கிட்டயாவது கேக்கணும்."

"கேட்டா என்ன?"

"ஒண்ணுமில்ல. கேட்டு வாங்கற பொழப்பு என்னோட போகட்டும். உன்கிட்ட வந்து நாலு பேரு கேக்கட்டும், நீ எடுத்துக் குடு."

மகள் பையைச் சுருட்டி, விரித்து, மறுபடி சுருட்டிப் பார்த்தாள். "நல்லா இருக்கும்மா" என்றாள். அக்காவுக்கு அது போதும். அன்றைக்கு எனக்கும் சேர்த்து முட்டை பொரித்தாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். நான்தான் வாய் வைத்தேன். "வெள்ளிக்கிழமை கொண்டு வாக்கா, பேக்கிங்ல எல்லாரும் பாக்கணும்னு துடிக்கிறாங்க" என்று சொன்னது நான்தான். அக்காவும் டிபன் பையில் போட்டுக் கொண்டுவந்தாள்.

டீ நேரத்தில் அந்தப் பை கை கையாகப் போனது. ஒருத்தி கத்தரியை எடுத்து மறுபடி சொருகிப் பார்த்தாள். இன்னொருத்தி, "எனக்கு ஒண்ணு தைச்சுக் குடுக்கா, என் பேரன் காதுகுத்துக்குக் குடுக்க... சீ, கைக்குழந்தைக்கு எதுக்கு ஊசி, எனக்குத்தான்" என்றாள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் மேனேஜர் நின்றார்.

அவர் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல உயரம், சத்தம் போடமாட்டார். சத்தம் போடாத ஆளிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீலக் கட்டத்தில் கண் நின்றது. அந்தக் கட்டம் அப்போது லைனில் ஓடிக்கொண்டிருந்த ஆர்டர்.

"இது எந்த சாம்பிள்?"

"சாம்பிள் இல்ல சார், என்னோடது. பொண்ணுக்குத் தைச்சேன்" என்றாள் அக்கா.

"துணி?"

"வெட்டுத்துணி சார். டிரம்ல கிடந்தது."

"யார் குடுத்தா?"

இந்தக் கேள்விக்கு எங்கள் கம்பெனியில் பதிலே கிடையாது. அதை யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. குனிகிறோம், அள்ளுகிறோம், காட்டுகிறோம், போகிறோம். அக்கா நடக்கிறதை நடக்கிறபடி சொன்னாள்.

"யாரும் குடுக்கல சார். நாங்களே எடுத்துக்குவோம்."

அந்த ஒரு வரியைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். "நாங்களேன்னா? வேற யார் யாரு?" என்று கேட்டுவிட்டு எங்கள் முகத்தை வரிசையாகப் பார்த்தார்.

அங்கே இருபத்தாறு பேர் இருந்தோம். ஒரு கை எழவில்லை. என் வீட்டு அடுப்பு மேடையில் அந்த நேரத்தில் அதே நீலக் கட்டம் எண்ணெய் குடித்துக்கொண்டு கிடந்தது. நான் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட் செக்கிங் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இரண்டு பேத்திகளை வளர்க்கிற மனுஷி. "எனக்குத் தெரியாதுங்க, என்கிட்ட யாரும் காட்டினதில்ல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் அக்காவைப் பார்க்கவில்லை.

பையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தேதி எழுதி மேனேஜர் மேசை டிராயரில் பூட்டினார்கள். கத்தரி, ஊசி, நூல் எல்லாம் அக்கா கடையில் வாங்கியது. அதையும் சேர்த்துத்தான் பூட்டினார்கள்.

சனிக்கிழமை காலையில் பஞ்ச் வைக்கிற இடத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கம்பெனிச் சொத்தான துணியை அனுமதியின்றி வெளியே கொண்டு சென்றதாகவும், தானே எடுத்ததாக ஒப்புக்கொண்டதாகவும், விசாரணை முடியும் வரை வேலையிலிருந்து நிறுத்திவைப்பதாகவும் எழுதி, கீழே டோக்கன் நம்பர், பக்கத்தில் அவளுடைய போட்டோ. வேலைக்குச் சேரும்போது எடுத்த படம். எண்ணெய் வைத்துத் தலையை அழுத்தி வாரிக்கொண்டு, இருபத்து நாலு வயசில், பயந்த கண்ணோடு இருந்தாள். அதைப் பார்த்தால் யாருக்கும் அவள் எதையோ எடுத்தவள் என்றுதான் தோன்றும்.

வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் அந்த முகத்துக்கு முன்னால் நின்றுதான் விரலை வைக்க வேண்டும். மாமாவும் அப்படித்தான் வைத்தார்.

டிரம்மில் இருக்கும்வரை அது குப்பை. லாரிக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போவான், எண்ணெய் துடைக்க. அதே துணியை ஒரு பொம்பளை உட்கார்ந்து, கண்ணைக் கெடுத்துக்கொண்டு, பார்க்கிற மாதிரி ஒரு சாமான் ஆக்கினால் உடனே அது கம்பெனிச் சொத்து ஆகிவிடும். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் கிளம்பினாள். அவளிடம் யாரும் சொல்லவில்லை. "பை எங்கம்மா?" என்று கேட்டதற்கு, "கட்டு சரியில்ல, மாத்தி அனுப்பறேன்" என்று அக்கா சொன்னாள். ரயில் நிற்கிற நாலு நிமிஷத்தில் அதற்கு மேல் பேச முடியவில்லை.

அடுத்த வாரம் முழுவதும் மழை. வேலைக்குப் போகாத அக்கா வீட்டையே பிரித்துப் போட்டுக் கழுவினாள். கழுவியதையே மறுநாளும் கழுவினாள். ஒரு நாள் சாயங்காலம் நான் ரொட்டி வாங்கிக்கொண்டு போனபோது மாமா நனைந்த சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா அடுப்படியில் நின்றிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தாள்.

"நீயாவது சொல்லு இவளுக்கு" என்றார் மாமா. "மன்னிப்பு எழுதிக் குடுத்தா வேலைக்கு எடுத்துக்கறேன்னு சொல்றாங்க. ரெண்டு வரி. தெரியாம எடுத்துட்டேன், இனிமே எடுக்கமாட்டேன். அவ்வளவுதான்."

"தெரியாமயா எடுத்தேன்?" என்றாள் அக்கா. "நல்லாத் தெரிஞ்சுதான் எடுத்தேன். எல்லாரும் பாக்க எடுத்தேன்."

"அது எனக்குத் தெரியும்டி."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன ஆச்சு? தினமும் அந்தப் பேப்பருக்கு முன்னால நின்னு விரல வெச்சிட்டு உள்ள போறீங்க இல்ல?"

"போகாம? ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்தா பாப்பாவுக்கு யாரு அனுப்பறது?"

"போக வேணாம்னு சொல்லல. ஒரு நாளாவது அந்தாளு முகத்தப் பாத்து, 'சார், நான்தான் அந்தத் துணியத் தேய்ச்சுக் குடுத்தேன், என் படத்தையும் சேத்து ஒட்டுங்க'ன்னு கேட்டீங்களா?"

மாமா ஈரச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். எனக்கு எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"உன்னையும்தான் கேக்கறேன். ஒரு கை தூக்கியிருந்தா என்ன?"

"பயமா இருந்துச்சுக்கா."

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு."

பிறகு அவளே தட்டைக் கழுவி எடுத்து ரொட்டியைப் பிய்த்து வைத்தாள். சாப்பிடும்போது சொன்னாள்: "பாப்பா போன் பண்ணினா. கோட்டுல பட்டன் விழுந்துடுச்சாம். பக்கத்து ரூம்ல ஊசி கேட்டு வாங்கித் தைச்சாளாம்."

"இன்னொண்ணு தைச்சு அனுப்பேன்க்கா. உன் பழைய துணியில."

"தைக்கலாம். தைச்சா, அது திருட்டு, இதுதான் ஒழுங்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். அந்தப் பைதான் அவளுக்குத் தைச்சது. திருடலன்னு சொல்லி அத என் கையில குடுக்கட்டும்."

அந்த வெள்ளைத் தாள் கட்டில் மேலேயே கிடந்தது. மறுநாள் அதில் அக்கா அரிசி கல் பொறுக்கிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இதற்கப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சலிலும் வயிற்றெரிச்சல். அடுத்த வியாழக்கிழமை துணி வாங்குகிற பெரிய கம்பெனிக்காரர்கள் சுற்றிப் பார்க்க வருவதாக இருந்தது. எதையும் வீணாக்காத கம்பெனி என்றால் அவர்களுக்குப் பிடிக்குமாம். மேனேஜர் டிராயரைத் திறந்து, கவரிலிருந்து அக்காவின் பையை எடுத்து, கட்டிங் மாஸ்டர் மேசை மேல் வைத்தார்.

"இதே மாதிரி முந்நூறு வேணும். டிரம்ல கிடக்கற துணியிலயே. வர்றவங்களுக்கு கிஃப்ட்."

ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன அட்டை அச்சடித்து வந்தது. 'எங்கள் பெண்களின் கைவண்ணம்' என்று அதில் எழுதியிருந்தது. அதைக் கயிற்றில் கோர்க்கிற வேலை பேக்கிங்குக்கு, அதாவது எனக்கு. அந்தப் பக்கம் சுவரில் திருடி என்று அவள் படம், இந்தப் பக்கம் என் கையில் இந்த அட்டை. கோர்த்தேன். முந்நூறையும் கோர்த்தேன். என்னை என்ன சொல்லித் திட்டினாலும் தகும்.

கட்டிங் மாஸ்டர் முப்பது வருஷம் துணி வெட்டினவர். நாடாவை எப்போதும் கழுத்தில் போட்டிருப்பார், வீட்டில் தூங்கும்போதும் அது கிடக்கும் என்று அவர் மனைவி சொல்வார். "ஒரு தடவ பிரிச்சுப் பாத்துட்டா வெட்டிடலாம் சார்" என்று கேட்டார்.

"பிரிச்சா மறுபடி இதே மாதிரி யாரு தைப்பா? நடுவுல கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறது இதுதான். அளந்து வெட்டுங்க, போதும்" என்றார் மேனேஜர்.

மாஸ்டர் பையை மேசையில் படுக்கவைத்து அளந்தார். வெளித்துணி, உள்துணி இரண்டுக்கும் ஒரே அளவு போட்டு, அடுக்கி, ஒரே மூச்சில் வெட்டிக் கொடுத்தார். லைன் தைத்தது. படுக்கப் போட்டால் முந்நூறும் அச்சு மாதிரி இருந்தன. சுருட்டினால்தான் வினை. உள்ளே மஞ்சள் துணி சுருங்கி, மடிந்து, முட்டிக்கொண்டு நின்றது. கத்தரி வாயைப் பிளந்து வெளியே விழுந்தது. கயிறு எட்டவில்லை. பலம் போட்டுக் கட்டினால் மூச்சை அடக்கின ஆள் மாதிரி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மெதுவாகத் திறந்துகொண்டது. மேனேஜர் லைனைத் திட்டினார், லைன் மாஸ்டரைப் பார்த்தது, மாஸ்டர் கத்தியைப் பார்த்தார். கடைசியில் எல்லாவற்றையும் அயர்ன் மேசைக்கு அனுப்பினார்கள், தேய்த்தால் சரியாகிவிடும் என்று. மாமா ஒரு பகல் முழுக்கத் தேய்த்தார். படிந்துதான் போனது, சுருட்டியதும் பழையபடி முட்டிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாமா அதில் ஒன்றைக் கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்தார். நானும் கூடவே போயிருந்தேன். பையோடு ஒரு தாளும் இருந்தது. அக்கா அதைத்தான் முதலில் எடுத்தாள்.

"என்ன இது?"

"கேட் பாஸ்" என்றார் மாமா, குரல் இறங்கி. "ஒரு பீஸ், மாதிரிக்காகன்னு. மேனேஜர் கையெழுத்து."

அக்கா அதைப் படித்தாள். "ஓ. இதுக்கு மட்டும் பாஸ் உண்டா? இருபத்திரண்டு வருஷமா இப்படி ஒரு தாள் இருக்கறதே எனக்குத் தெரியாது பாருங்க."

பிறகு பையைச் சுருட்டினாள். பாதியிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினொரு நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள்.

"ரெண்டுக்கும் ஒரே அளவா வெட்டியிருக்காரு! பாவம் மாஸ்டர். துணியப் படுக்கப் போட்டே வெட்டிப் பழகின மனுஷன். ஏய், இங்க பாரு. தெருவுல வளைவுல ரெண்டு பேரு ஜோடியா திரும்பறாங்கன்னு வெச்சுக்கோ. உள்ள இருக்கறவனுக்குத் தூரம் கம்மி, வெளிய இருக்கறவன் சுத்திப் போகணும். இதுவும் அப்படித்தான். உள்துணி ரெண்டு விரக்கட கம்மியா இருக்கணும். நான் ஒரு பாட்டில்ல சுத்தி வெச்சு அளந்தேன்."

"அவ்வளவுதானா?" என்றார் மாமா.

"அவ்வளவுதான்."

"இத நான் போய்ச் சொல்லட்டுமா? நாளைக்குள்ள முடிச்சிடலாம். நீ வந்து சொல்லிக்குடுத்தா நோட்டீஸ எடுத்துடறேன்னு சொல்றாரு. சூப்பர்வைசர் வேலை கூடத் தர்றேன்னாரு."

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். "நானே வர்றேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."

புதன்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. அக்கா மாமாவோடும் என்னோடும் நடந்து வந்தாள். பஞ்ச் வைக்கிற இடத்தில் பழைய நோட்டீஸ் இல்லை, அந்த இடம் மட்டும் சதுரமாக வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்ததும் மாமா முகம் மலர்ந்துவிட்டது. கட்டிங் ஹாலில் மேனேஜர், மாஸ்டர், லைன் ஆட்கள், பேக்கிங் நாங்கள் என்று எல்லோரும் கூடியிருந்தோம். மேனேஜர் நாற்காலி போடச் சொன்னார். புதிதாக டைப் அடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"படிச்சுப் பாரும்மா. இன்னைக்கே ஒட்டிடலாம்."

அக்கா படித்தாள். பிறகு எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு வரியை மட்டும் சத்தமாக வாசித்தாள். "நீண்ட கால சேவையைக் கருதி, அவரது தவறைக் கம்பெனி மன்னித்து..." அதோடு நிறுத்தினாள்.

"யார் யார மன்னிக்கறது சார்?"

"அது ஒரு வார்த்தைம்மா. ஃபார்மாலிட்டி."

"அப்ப அந்த வார்த்தைய எடுத்துடுங்க. எடுத்தது வெட்டுத்துணி, எல்லாரும் எடுக்கறதுதான், திருட்டு இல்லன்னு போடுங்க. என் படத்தையும் போடுங்க. பதினோரு நாள் ஒட்டுங்க."

"கம்பெனி தப்பு பண்ணிடுச்சுன்னு கம்பெனியே எழுதுமா? கொஞ்சம் யோசிச்சுப் பேசும்மா. நாளைக்கு ஆளுங்க வர்றாங்க."

"அப்ப பழசையே ஒட்டுங்க சார். நான் திருடினேன்னு நீங்க எழுதினா அது உங்க பொய். நீங்க மன்னிச்சீங்கன்னு நான் ஒத்துக்கிட்டா அது என் பொய் ஆயிடும்."

அக்கா தாளை மடிக்காமல் மேசையில் வைத்தாள். "என் பையக் குடுங்க" என்றாள்.

தைத்துக் காட்டப்போகிறாள் என்று மேனேஜருக்கு நினைப்பு. கவரிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "நல்லாப் பாத்துக்கங்க மாஸ்டர்" என்றார்.

அக்கா முதலில் கயிற்றை அவிழ்த்தாள். கத்தரி, நூல்கண்டு, ஊசி, நாடா, பட்டன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து டிபன் பையில் போட்டாள். மாமாவின் கோட்டுப் பட்டனை அறுத்து எடுத்தாள். பிறகு மேசையில் கிடந்த, தையல் பிரிக்கிற முள்ளை எடுத்து ஓரத்தில் கொடுத்து இழுத்தாள். இருபத்திரண்டு வருஷம் பிரித்த கை. நாங்கள் வாயை மூடுவதற்குள் ஓரத் தையல் முழுக்கக் கழன்று வந்தது. காப்பிக்கலர் பட்டையை மேசையில் போட்டாள், அதன் மேல் மஞ்சள் பட்டையைப் போட்டாள், ஒரு பக்க ஓரத்தைச் சேர்த்து வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டாள். இன்னொரு பக்கத்தில் மஞ்சள் இரண்டு விரல் உள்ளே தள்ளி நின்றது. அப்படியே கொஞ்ச நேரம் விட்டாள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாஸ்டர் துணியைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். அவர் பார்ப்பார் என்று தெரிந்தேதான் அவள் அப்படி வைத்தாள் என்பது என் எண்ணம். கேட்டால் சொல்லமாட்டாள்.

அதற்கப்புறம் இரண்டு பட்டையையும் துண்டு துண்டாகப் பிரித்தாள். அறைகள், குழல்கள், வலைத்துணி, கம்பளிப் பக்கம் எல்லாம் தனித்தனியாக வந்தன. கடைசியில் மேசை மேல் கோணல்மாணலாகப் பத்தொன்பது துண்டு கிடந்தது. டிரம்மில் எப்படிக் கிடந்ததோ அப்படி.

"எண்ணிப் பாத்துக்கங்க" என்றாள். "இதுதான் நான் எடுத்துட்டுப் போன கம்பெனிச் சொத்து. இப்ப என் வீட்டுல உங்க நூல் ஒண்ணு கூட இல்ல. தையல் என்னோடது, அத நான் எடுத்துக்கிட்டேன்."

மேனேஜருக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் தடவையாகச் சத்தம் போட்டார். "என்னம்மா பண்ணி வெச்சிருக்க? இருந்ததே அது ஒண்ணுதான்! யோவ் அயர்ன் மாஸ்டர், உன் பொண்டாட்டிகிட்ட சொல்லுய்யா! தைச்சுக் குடுத்துட்டுப் போகச் சொல்லு!"

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சொல்லமாட்டேன் சார்" என்றார். "அந்தத் துணியத் தேய்ச்சுக் குடுத்தது நான்தான். எழுதிக்கங்க."

அக்கா அவரை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான். டிபன் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். என் கை அப்போதாவது எழுந்திருக்க வேண்டும். எழுந்தது. "நானும் எடுத்திருக்கேன் சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் பக்கத்தில் இருந்தவளுக்குக் கேட்டிருக்கும் போல, அவளும் கையைத் தூக்கினாள். மேனேஜர் எங்களைக் கவனிக்கிற நிலையில் இல்லை. மாஸ்டரிடம் பாய்ந்தார்.

"நீங்க பாத்தீங்கல்ல? பிரிச்சதப் பக்கத்துலயே நின்னு பாத்தீங்கல்ல? என்ன கோளாறுன்னு தெரிஞ்சுதா? இன்னும் ஒரு பகல் இருக்கு, மறுபடி வெட்டிடலாம்."

முந்நூறு பீஸ் வீணான பழி மாஸ்டர் தலையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் இறங்கிவிடும். அவர் கழுத்து நாடாவை எடுத்துச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தார். பத்தொன்பது துண்டையும் கையால் ஒதுக்கி, மேசை விளிம்புக்குத் தள்ளி, டிரம்மில் போட்டார்.

"ஒண்ணும் தெரியல சார்" என்றார். "வெறும் வெட்டுத்துணி."